அளவில்லாச் சாப்பாடும் 'அன்லிமிடெட்' டேட்டாவும்



கடந்த தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, மாலை ஆறரை மணிக்கு, மதுரை கீழமாசி வீதியில் நம் கடை வாசலில் சரக்கு ஏற்றிய லாரி ஒன்று கிளம்ப முடியாமல் நின்றது. தேனிக்குப் போக வேண்டிய எண்ணெய் டின்னும் சீனி மூட்டையும். பில் தொகை ஒரு லட்சத்து எண்பதாயிரம். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிற சரக்கானாலும் ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில் இல்லாமல் வண்டியை நகர்த்தக் கூடாது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. நடுவழியில் பிடித்தால் கட்டுகிற அபராதத்தில் லாபம் போய் முதலிலும் கை வைத்துவிடும்.

அன்று மத்தியானம் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் இன்டர்நெட் ஒயரை அறுத்துவிட்டார்கள். மகன் கவலைப்படவில்லை. "நம்ம போன்ல அன்லிமிடெட் இருக்குப்பா" என்று தன் செல்போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு இணைப்புக் கொடுத்தான். இரண்டு மணி நேரம் நன்றாகத்தான் ஓடியது. சரியாக இ-வே பில் போடுகிற நேரத்தில் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் போனில் வந்திருந்த செய்தியை மகன் பார்த்தான். அன்றைய டேட்டா நூறு சதவீதம் தீர்ந்துவிட்டது, இனி வேகம் 64 கே.பி.பி.எஸ். என்று இருந்தது. யார் தீர்த்தது? கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வேலையை நம்மைக் கேட்காமலே பின்னால் செய்துகொண்டிருந்திருக்கிறது. ஒன்றரை ஜி.பி.யும் அதன் வயிற்றுக்குள் போய்விட்டது.

பக்கத்துக் கடைத் தம்பி தன் போனைக் கொடுத்து உதவினார். ஏழே முக்காலுக்கு இ-வே பில் கையில் வந்தது. ஆனால் அதற்குள் தீபாவளிக் கூட்டம் வீதியை அடைத்துவிட்டது. லாரி நகர்ந்தபோது இரவு பத்தரை. டிரைவருக்குக் காத்திருப்புக் கூலி 1,500 ரூபாய் கொடுத்தோம். தேனி வியாபாரி காலையில் கடை திறக்கும்போது சரக்கு இறங்கியிருக்கவில்லை. முப்பது வருட வாடிக்கை, அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் நமக்குச் சங்கடம்.

(இ-வே பில்லை எஸ்.எம்.எஸ். மூலமாகவும் போடலாம், அதற்கு முன்கூட்டியே அரசாங்க இணையதளத்தில் நம் செல்போன் எண்ணைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்பதை மறுநாள் ஆடிட்டர் அலுவலகத்தில் சொன்னார்கள். இதைப் படிப்பவர்கள் இன்றே செய்து வையுங்கள். எஸ்.எம்.எஸ்.ஸுக்கு டேட்டா வேண்டாம்.)

இந்த நஷ்டம் பெரிதல்ல. நாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. இதை அடுத்த வாரம் திருமங்கலத்திலிருந்து வந்த நம் வாடிக்கைக் கடைக்காரர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். மளிகையோடு ரீசார்ஜும் செய்கிறவர். அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு லாரி நின்னுச்சு அண்ணாச்சி, எனக்கு ஒரு வாடிக்கையே நின்னு போச்சு" என்றார்.

பூ கட்டி விற்கிற ஒரு அம்மா. பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். "எது நல்லது, நீயே பார்த்துப் போட்டு விடுப்பா" என்று கேட்டிருக்கிறார். கம்பெனிக்காரன் ஒட்டிவிட்டுப் போன சுவரொட்டியில் பெரிய எழுத்தில் அன்லிமிடெட் என்று இருந்தது. இவரும் அதையே சொல்லிப் போட்டுவிட்டார். நாலாம் நாள் அந்த அம்மா கடை வாசலில் நின்று, நாலு பேர் சாமான் வாங்கிக்கொண்டிருக்கும்போது, "காசை வாங்கிட்டுப் பொய் சொல்லிட்டியேப்பா, பிள்ளை பாதிப் பாடத்துல நிக்கிறான்" என்று கேட்டுவிட்டார். அதன் பிறகு அரிசி பருப்புக்கும் வருவதில்லையாம். "கம்பெனி எங்கே இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. என் கடை எங்கே இருக்குன்னு தெரியும்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அளவுச் சாப்பாடு

நம் ஊர் ஓட்டல்களில் இரண்டு விதம் உண்டு. ஒன்று அளவுச் சாப்பாடு. இன்னொன்று அளவில்லாச் சாப்பாடு, இப்போது அன்லிமிடெட் மீல்ஸ் என்று போர்டு வைக்கிறார்கள். அளவுச் சாப்பாடு போடுகிறவரை யாரும் குறை சொல்வதில்லை. இவ்வளவு சாதம், இவ்வளவு குழம்பு, இவ்வளவு விலை என்று தெரிந்தே உட்காருகிறோம். அளவில்லாச் சாப்பாடு என்று போர்டு வைத்துவிட்டு, இரண்டாம் முறை சாதம் கேட்டால் "உண்டு சார், இருங்க" என்று சொல்லி, கால் மணிக்கு ஒரு கரண்டி வீதம் போட்டால் எப்படி இருக்கும்? நிறுத்திவிட்டோம் என்று அவர் சொல்லவில்லை. போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நாம்தான் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவோம்.

செல்போன் கம்பெனிகள் செய்வது இதுவே. டேட்டாவை வெட்டுவதில்லை, வேகத்தை வெட்டுகிறார்கள். இந்த இடத்தில் ஒரு சிட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 64 கே.பி.பி.எஸ். என்பது 64 கிலோபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே நொடிக்கு 8 கிலோபைட். சரக்குப் பில்லைப் போட்டோ எடுத்து அனுப்புகிறோம், அது ஒரு எம்.பி. என்று வைத்துக்கொண்டால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதுவும் கோடு முழு வேகத்தில் ஓடினால். சரி, இரவும் பகலும் நிறுத்தாமல் 24 மணி நேரமும் இழுத்தால் எவ்வளவு வரும்? 86,400 நொடியை எட்டால் பெருக்குங்கள். 691 எம்.பி. முக்கால் ஜி.பி. கூட இல்லை.

ஆக, ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி., அதன் பிறகு 64 வேகத்தில் அன்லிமிடெட் என்று சொல்கிற திட்டத்துக்கு உண்மையான உச்ச அளவு இரண்டேகால் ஜி.பி.க்கும் குறைவு. தூங்காமல் இழுத்தாலும் அதற்கு மேல் வராது. எல்லை இல்லை என்று சொன்ன பொருளுக்கு, காகிதமும் பென்சிலும் இருந்தால் எல்லை கண்டுபிடித்துவிடலாம். குழாயை மூடவில்லை, வாயைச் சுருக்கிவிட்டார்கள். குடம் நிறையாது.

இன்னொரு சூட்சுமம் 'ஒரு நாளைக்கு' என்பதில் இருக்கிறது. ஒன்றரை ஜி.பி. வீதம் 28 நாளைக்கு 42 ஜி.பி. என்று கணக்கு வருகிறது. மொத்தமாகக் கொடுத்தால் நாம் நமக்கு வேண்டிய நாளில் வேண்டிய அளவு எடுப்போம். ஆனால் பெரும்பாலான திட்டங்களில் நள்ளிரவு 12 மணிக்குக் கணக்கு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தால் அன்றைய ஒன்றரை ஜி.பி. போனது போனதுதான். தீபாவளி வாரத்தில் மூன்று ஜி.பி. தேவைப்படும்போது அது திரும்பி வராது. மிச்சத்தை மறுநாளைக்குச் சேர்த்துத் தருகிற திட்டங்களும் சில உண்டு, அதைக் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

28 நாள் என்பதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மாதம் என்று நினைத்து ஜனங்கள் போடுகிறார்கள், வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவைக்குப் பதில் பதின்மூன்று தடவை போடுகிறார்கள். இது குறித்துப் புகார்கள் குவிந்த பிறகு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 30 நாள் கெடு உள்ள திட்டமும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற திட்டமும் ஒவ்வொன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது. அப்படித் திட்டம் இருக்கிறது என்பதே நம் கடைக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கம்பெனி ஆள் ஒட்டுகிற சுவரொட்டியில் அது முன்னால் இருப்பதில்லை.

இந்த வார்த்தை எப்படி வந்தது

முன்பெல்லாம் ஒரு மாதத்துக்கு ஒரு ஜி.பி. என்று வாங்கிச் சிக்கனமாகச் செலவழித்த காலம் நமக்கு மறக்கவில்லை. 2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ சேவை தொடங்கியது. அறிமுகச் சலுகையாக எல்லாம் இலவசம், டேட்டா அன்லிமிடெட் என்று நாடே பேசியது. அந்த இலவசத்திலும் ஒரு நாளைக்கு 4 ஜி.பி. வரைதான் முழு வேகம், அதற்கு மேல் 128 கே.பி.பி.எஸ். 2017 ஜனவரி முதல் புத்தாண்டுச் சலுகை என்று நீட்டித்தபோது 4 ஜி.பி. ஒரு ஜி.பி. ஆனது. இலவசமாகக் கொடுத்ததை யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இல்லையே! ஆனால் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்த பிறகும் அதே வார்த்தை நிலைத்துவிட்டது. எல்லாக் கம்பெனியும் பிடித்துக்கொண்டன. பேசுவதற்கு அன்லிமிடெட் என்று விற்ற திட்டங்கள் சிலவற்றில், 2017-ல், ஒரு நாளைக்கு இத்தனை நிமிஷம், வாரத்துக்கு இத்தனை நிமிஷம் என்று எல்லை இருந்தது கூட உண்டு. போட்டி முற்றியபோது அது தானாகவே போய்விட்டது.

5ஜி வந்த பிறகு கதை மறுபடி முதலிலிருந்து. 2023-ல் பெரிய கம்பெனிகள் 5ஜி டேட்டா அன்லிமிடெட் என்று கொடுத்தன. 2024 ஜூலையில் கட்டணத்தை உயர்த்தியபோது, ஒரு நாளைக்கு 2 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு மட்டுமே அது என்று ஜியோவும் ஏர்டெல்லும் சுருக்கின. இதிலும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். 5ஜி சிக்னல் கிடைக்கிற வரைதான் அது அன்லிமிடெட். நம் கிட்டங்கிகளின் கனத்த சுவருக்குள் போனால் போன் தானாக 4ஜிக்கு இறங்கிவிடும், உடனே தினசரி அளவு ஓட ஆரம்பித்துவிடும். இரண்டாவது, சில 5ஜி திட்டங்களின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தால், மாதத்துக்கு 300 ஜி.பி. என்று ஓர் எல்லையும், சொந்த உபயோகத்துக்கு மட்டுமே, வியாபார உபயோகத்துக்கு அல்ல என்ற வாசகமும் இருக்கிறது. 300 ஜி.பி. நமக்குத் தாராளம், அதைச் சொல்லிச் சண்டை போட வேண்டியதில்லை. இரண்டாவது வாசகம் கடைக்காரர்களுக்கு முக்கியம். நாளைக்குத் தகராறு என்று வந்தால் அந்த ஒரு வரியைத்தான் காட்டுவார்கள்.

கம்பெனிகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு டவரின் கொள்ளளவு அந்த வட்டாரத்தில் உள்ள எல்லோருக்கும் பொது. பந்தியில் நாலு பேர் உட்கார்ந்து அண்டாவையே காலி செய்தால் கடைசி வரிசைக்குச் சாம்பார் வராது. ஆகவே அளவு வைப்பது தவறில்லை. அதற்கு நியாயமான உபயோகக் கொள்கை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நியாயமாகவே இருக்கட்டும். அளவு வைத்ததை அளவில்லை என்ற பெயரில் விற்பதைத்தான் நாம் கேட்கிறோம்.

நெரிசலுக்காகத்தான் எப்போதும் வேகத்தைக் குறைக்கிறார்களா என்பதும் கேள்வியே. அதற்குப் பதில் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறது.

அமெரிக்காவில் நடந்தது

இந்த வியாபாரத் தந்திரம் அங்கே கோர்ட் வாசலை மிதித்தது. வெரைசான் கம்பெனி கம்ப்யூட்டருக்கான ஒயரில்லா இன்டர்நெட்டை அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு, அதிகம் உபயோகித்தவர்கள் என்று சுமார் 13,000 பேரின் இணைப்பைத் துண்டித்தது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ விசாரித்தார். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் திருப்பித் தருவதாக 2007-ல் கம்பெனி ஒப்புக்கொண்டது.

அடுத்தது ஏ.டி. அண்டு டி. ஐபோன் வந்த 2007-ல் வாடிக்கையாளர்களை இழுக்க அன்லிமிடெட் டேட்டா கொடுத்தார்கள். 2010-ல் புதியவர்களுக்கு அதை நிறுத்தினார்கள், பழையவர்களை விட்டுவைத்தார்கள். ஆனால் 2011 முதல் அந்தப் பழைய அன்லிமிடெட்காரர்களில், மாதத்துக்கு 2 ஜி.பி. தாண்டியவர்களுக்குக் கூட வேகத்தைக் குறைக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2014 அக்டோபரில் வழக்குப் போட்டது. குறைந்தது 35 லட்சம் பேருக்கு, இரண்டரைக் கோடித் தடவைக்கு மேல் வேகம் குறைக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. இந்த வழக்கை விசாரிக்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டா என்பதிலேயே 2018 வரை ஓடிவிட்டது. 2019 நவம்பரில் 6 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் ஆயிற்று. இனி அன்லிமிடெட் என்று விளம்பரம் செய்தால், வேகக் குறைப்பை எல்லோர் கண்ணிலும் படும்படி சொல்ல வேண்டும், பொடி எழுத்திலோ லிங்குக்குப் பின்னாலோ ஒளிக்கக் கூடாது என்பது நிபந்தனை.

நம்மைப் போன்ற சில்லறைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது மூன்றாவது வழக்கு. டிராக்ஃபோன் என்ற கம்பெனி. சொந்த டவர் கிடையாது, பெரிய கம்பெனிகளிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்கிறவர்கள். நம் பாஷையில் சொன்னால் மண்டியில் எடுத்துப் பொட்டலம் போட்டு விற்பவர்கள். வால்மார்ட் கடைகளில் முன்பணம் கட்டுகிற கார்டாக, ஸ்ட்ரெய்ட் டாக் என்ற பெயரில், மாதம் 45 டாலருக்கு அன்லிமிடெட் என்று விற்றார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் எளிய ஜனங்கள். ஒன்றிலிருந்து மூன்று ஜி.பி.க்குள் வேகம் குறைந்தது, நாலைந்து ஜி.பி. ஆனால் அந்த மாதத்துக்கு டேட்டாவே நின்றது. 2015 ஜனவரியில் 4 கோடி டாலர் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார்கள். அந்த வழக்கில் வெளிவந்த விஷயம்தான் நாம் மேலே கேட்ட கேள்விக்குப் பதில். நெரிசலுக்கும் இந்த வேகக் குறைப்புக்கும் சம்பந்தமில்லை, பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்க வேண்டிய கொள்முதல் செலவைக் குறைக்கத்தான் செய்தார்கள் என்று ஆணையம் சொன்னது. கொள்முதல் விலை ஏறிவிட்டது என்பதற்காக நாம் கிலோ பாக்கெட்டில் 700 கிராம் போட முடியுமா?

2018 கோடையில் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு நம் ஊருக்குத் திரும்புகிறோம். கலிஃபோர்னியாவில் மெண்டோசினோ காட்டுத்தீ பல லட்சம் ஏக்கரை எரித்துக்கொண்டிருந்தது. அங்கே உதவிக்குப் போன சான்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறையின் ஒரு வண்டிதான், எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ஒருங்கிணைக்கும் வண்டி. அதன் இன்டர்நெட் வெரைசானின் அன்லிமிடெட் திட்டம். 25 ஜி.பி. தாண்டியதும் வேகம் இருநூறில் ஒரு பங்காக விழுந்துவிட்டது. தீ எரிகிறது, வேகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, இதைவிடக் கூடுதல் விலைத் திட்டத்துக்கு மாறுங்கள் என்று பதில் வந்தது. வீரர்கள் தங்கள் சொந்த போன்களை வைத்துச் சமாளித்ததாகத் தீயணைப்புத் தலைவர் அந்தோணி பவ்டன் கோர்ட்டில் தாக்கல் செய்த வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். வாடிக்கையாளர் சேவையில் நேர்ந்த தவறு என்று கம்பெனி பிறகு ஒப்புக்கொண்டது. நம் லாரி நாலு மணி நேரம் நின்றதைப் பெரிதாக எழுதிவிட்டோமே என்று இதைப் படித்தபோது தோன்றியது.

2024 மே மாதத்தில் அங்கே மூன்று பெரிய கம்பெனிகளும் நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களோடு சேர்த்து ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. விஷயம் அதே அன்லிமிடெட் விளம்பரம்தான். பதினேழு வருஷம் கழித்தும் அதே வார்த்தை!

நமக்கு ஒரு தராசு, அவர்களுக்கு ஒரு தராசு

வீசையும் பலமும் போய்க் கிலோ வந்த காலத்தில், புதுக் கற்களை வாங்கி முத்திரை போட வரிசையில் நின்ற கதையை நம் தகப்பனார் சொல்லுவார். இன்றைக்கும் நம் எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷாவருஷம் முத்திரை வைக்க வேண்டும். முத்திரை ஆய்வாளர் வந்து பார்க்கும்போது சீல் தேதி தவறியிருந்தால், சரக்கு எடை சரியாகவே இருந்தாலும் கேஸ்தான். ஒரு பாக்கெட் மல்லித்தூள் போட்டு விற்றால் நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, நம் பெயர், விலாசம், புகார் சொல்லப் போன் நம்பர், இப்போது ஒரு கிராம் என்ன விலை என்பது வரை அச்சடிக்க வேண்டும். எழுத்தின் உயரம் இத்தனை மில்லிமீட்டர் என்று கூடச் சட்டம் இருக்கிறது. நாம் இதற்கெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே கட்டுப்படுகிறோம். கட்டுப்படுவதுதான் சரி.

டேட்டா விற்கிறவர்களுக்குச் சட்டமே இல்லை என்று சொல்லக் கூடாது. டிராய் 2012-லேயே, எவ்வளவு டேட்டா வரை என்ன வேகம், அதற்குப் பிறகு என்ன வேகம் என்பதைச் சந்தாதாரருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. 2016 அக்டோபரில், ஒயர் வழியாக வருகிற பிராட்பேண்டில், அளவு தீர்ந்த பிறகும் வேகம் 512 கே.பி.பி.எஸ்.ஸுக்குக் கீழே போகக் கூடாது என்றது. இந்த 512 செல்போன் டேட்டாவுக்குப் பொருந்தாததால்தான் அதில் 64 வரை இறக்க முடிகிறது. 2020 செப்டம்பரிலும் கட்டண விளம்பரங்களில் ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்று மறுபடி ஓர் உத்தரவு. அதற்கு மேல், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. விளம்பரத்தில் பெரிதாகச் சொன்னதை அடிக்குறிப்பில் மறுக்கக் கூடாது, அடிக்குறிப்பும் அதே மொழியில் அதே எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ளது. நம் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிற சுவரொட்டியை இப்போது போய்ப் பாருங்கள். அன்லிமிடெட் என்பது ஒரு முழம். அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி, நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

புகார் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு வழி உண்டு. முதலில் கம்பெனியின் புகார் மையத்தில் சொல்லிப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதில் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லலாம். டெலிபோன் தகராறுகளை நுகர்வோர் கோர்ட் விசாரிக்க முடியாது என்று கம்பெனிகள் ரொம்ப நாள் வாதாடி வந்தன. விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் கட்டணமும் கிடையாது. ஆனால் ஒன்று, வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சட்டம் சொல்கிறது. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்குக் கடை நடத்துபவருக்கு விலக்கு உண்டு. நம்மைப் போல் ஆள் வைத்து மொத்த வியாபாரம் செய்பவர்கள் போய் நின்றால் இந்தக் கேள்வி வரும். பூக்கார அம்மா போனால் வராது.

நாம் செய்து கொண்டது

தீபாவளிக்குப் பிறகு நம் கடையில் சில ஏற்பாடுகள் செய்தோம். பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு ஒயர் இணைப்புத்தான் முதல். அது அறுந்தால் உதவ, வேறு கம்பெனியின் சிம் ஒன்று, தினசரி அளவு இல்லாமல் மொத்தமாக ஜி.பி. தருகிற திட்டத்தில், கல்லாவிலேயே இருக்கிறது. அதில் யாரும் வீடியோ பார்ப்பதில்லை. செல்போன் இணைப்பில் ஓடும்போது கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாமல் இருக்க ஓர் அமைப்பு இருக்கிறதாம், மகன் அதைப் போட்டு வைத்திருக்கிறான். கடைப் பையன்கள் போனிலும், வாட்ஸப்பில் வருகிற வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தச் சொன்னோம். காலை வணக்கப் படங்களிலேயே எத்தனை எம்.பி. போகிறது என்று பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. பணம் வந்ததைச் சொல்கிற பேசும் பெட்டிக்குள் தனி சிம் இருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை. ஆனால் பணம் அனுப்புகிறவர் போனில் டேட்டா தீர்ந்திருந்தால் வரிசை நிற்கத்தான் செய்யும். அந்த நேரம் ஓர் ஆளை நம் இணைப்பில் சேர்த்துவிட்டால் அரை நிமிஷத்தில் முடிகிறது.

திருமங்கலத்துக்காரர் வேறு மாதிரி செய்தார். சுவரொட்டியைக் கிழித்துவிட்டு, முன்பு அரிசி விலை எழுதிய கரும்பலகையைத் துடைத்து, சாக்பீஸால் திட்டங்களை எழுதிப் போட்டிருக்கிறார். விலை, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை ஜி.பி., தீர்ந்தால் என்ன வேகம் என்று நாலு பத்தி. அன்லிமிடெட் என்ற வார்த்தையே இல்லை. கம்பெனியின் ஏரியா பையன் வந்து, ஏன் சுவரொட்டியை எடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறான். "நீ எழுதினதைத்தான் தம்பி நானும் எழுதியிருக்கேன். அடியில இருந்ததை மேல எழுதிட்டேன், அவ்வளவுதான்" என்றாராம்.

போன வாரம் சரக்கு எடுக்க வந்தவரிடம் ரீசார்ஜ் வியாபாரம் குறைந்ததா என்று கேட்டோம். குறையவில்லை, ஆனால் கேள்வி கேட்பது அதிகமாகிவிட்டது, ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆகிறது என்று அலுத்துக்கொண்டார். அந்த அம்மாவின் பையன் மட்டும் ஒருநாள் வந்து பலகையைப் படித்துவிட்டு, இரண்டு ஜி.பி. திட்டம் போட்டுப் போனானாம். அம்மா இன்னும் வரவில்லை.